டெல்டா வீட்டுச் சாப்பாடும் நாட்பட்ட நோய்களும்: வாழ்க்கைமுறை மருத்துவம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருத்துவம் பார்த்துக்கொள்ள வருகிறவர்களும், அவர்களை அழைத்துவரும் மகன், மகள், மருமகள்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கேட்டவர்களின் பேச்சைச் சற்றே திருத்தி எழுதியிருக்கிறேன். கேள்வியின் உள்ளடக்கத்தை மாற்றவில்லை.

வாழ்க்கைமுறை மருத்துவம் என்றால் என்ன? இது இயற்கை வைத்தியமா?

இல்லை. உணவு, உடலுழைப்பு, தூக்கம், மன அழுத்தத்தைக் கையாளுதல், புகையிலை, மது போன்றவற்றைத் தவிர்த்தல், மனிதர்களோடு உறவாடி வாழ்தல் ஆகிய ஆறையும் சிகிச்சையாகவே எடுத்துக்கொண்டு, நாட்பட்ட நோய்களைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் பயன்படுத்தும் நவீன மருத்துவத்தின் ஒரு பிரிவு இது. அமெரிக்காவில் இதற்கென ஒரு மருத்துவர் அமைப்பு 2004-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பெயர் புதிது என்றாலும் உள்ளே இருப்பவை நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னவைதானே என்று சிலர் கேட்கிறார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் "சோற்றைக் குறையுங்கள், கொஞ்சம் நடங்கள்" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்புவது அறிவுரையாகுமே தவிர மருத்துவமாகாது. எவ்வளவு குறைப்பது, எந்த நேரத்தில் எத்தனை நிமிடம் நடப்பது, எத்தனை வாரம் கழித்து எந்தப் பரிசோதனையில் மாற்றம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று மாத்திரைச் சீட்டைப் போல எழுதிக் கொடுத்து, மறுபடியும் வரவழைத்துப் பார்த்தால்தான் அது மருத்துவம். மாத்திரை தேவைப்படுகிறவருக்கு மாத்திரை கொடுப்பதும் இதற்குள் அடங்கும்.

எங்கள் தாத்தா மூன்று வேளையும் சோறுதான் சாப்பிட்டார். அவருக்கு வராத சர்க்கரை எங்களுக்கு மட்டும் ஏன் வருகிறது?

டெல்டாவில் இதைவிட அதிகமாக நான் எதிர்கொள்ளும் கேள்வி வேறு இல்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தாத்தா சாப்பிட்ட சோறு அவர் செய்த வேலைக்கு ஏற்ற கூலியாக அவர் உடம்புக்குப் போய்ச் சேர்ந்தது. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்த நாளிலிருந்து வரப்பு வெட்டுவது, சேறடிப்பது, நாற்றுப் பறிப்பது, நடுவது, களையெடுப்பது, அறுப்பது, கட்டுகளைத் தலையில் சுமந்து களத்துக்குக் கொண்டுபோய் அடிப்பது என்று குறுவையும் சம்பாவும் தாளடியும் முடியும்வரை உடம்பு ஓயவில்லை. நிலம் வைத்திருந்து ஆளை வைத்து வேலை வாங்கியவர்களும்கூட வயலுக்கு நடந்துதான் போய்வந்தார்கள். இன்று நடவு இயந்திரம் நடுகிறது, களைக்கொல்லி களையை எடுக்கிறது, அறுவடை இயந்திரம் ஒரு மா நிலத்தைப் பேசிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிடுகிறது. பண்ணையாளரும் இரு சக்கர வாகனத்தில்தான் வயலுக்குப் போகிறார். வேலை போய்விட்டது, இலையில் விழும் சோற்றின் அளவு மட்டும் மாறாமல் இருக்கிறது. அந்தச் சோறும் கைக்குத்தல் அரிசியாக இல்லாமல், ஆலையில் தவிடு முழுவதும் நீக்கப்பட்டு வெளுத்த அரிசியாக வருகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எண்பது வயது வாழ்ந்த தாத்தாவை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஐம்பதில் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அவருடைய தம்பியை நினைவில் வைத்திருப்பதில்லை. அவருக்குச் சர்க்கரை இருந்ததா என்று யாரும் பார்த்ததும் இல்லை.

மூன்றாவது காரணம் நம் உடல்வாகு. இந்தியர்களுக்கு உடல் மெலிந்திருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் தன்மை அதிகம். அதனால்தான் பிஎம்ஐ எனப்படும் உடல் எடைக் குறியீடு 25-ஐத் தாண்டினால் அதிக எடை என்று பிற நாடுகளில் கணக்கிடும்போது, நமக்கு 23-இலேயே அதிக எடை என்றும் 25-இலேயே உடற்பருமன் என்றும் வைத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். கையும் காலும் குச்சியாக இருந்து வயிறு மட்டும் முன்னே தள்ளியிருப்பவர் "நான் ஒல்லிதானே" என்று சொல்வதில் பொருளில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு, அதாவது வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. மேலும் 15.3 விழுக்காட்டினர் அதன் வாசலில் நிற்கிறார்கள். தமிழகத்தின் அளவு நாட்டுச் சராசரியைவிட அதிகம்.

"பார்டரில் இருக்கிறது" என்கிறார்களே, அது என்ன?

வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 100 முதல் 125 வரை, அல்லது குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை, அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. முறையே 126, 200, 6.5 என்ற அளவுகளை எட்டினால் நீரிழிவு. "பார்டர்தான், ஒன்றுமில்லை" என்று வீட்டுக்குப் போய்விடுகிறவர்களே அதிகம். சிகிச்சைக்கு மிக நன்றாக வசப்படும் காலம் இதுதான் என்பதால், எனக்கு அதிக வருத்தம் தருவதும் இந்தப் போக்குதான்.

அந்த நிலையில் சாப்பாட்டையும் நடையையும் மாற்றினால் உண்மையிலேயே நோய் வராதா? ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் சென்னையிலேயே இருக்கிறது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். எதையும் மாற்றாத குழுவில் மூன்றாண்டில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் உடலுழைப்பையும் மாற்றிய குழுவில் சுமார் 39 விழுக்காட்டினருக்கு மட்டுமே வந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் 3,234 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஆய்வில், எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது என்ற இலக்கோடு வாழ்க்கைமுறையை மாற்றியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கு 31 விழுக்காடு. சீனாவின் தாச்சிங் நகரில் 1986-இல் தொடங்கிய ஆய்வு முப்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டது. அங்கே நோய் வருவது சராசரியாக ஏறக்குறைய 4 ஆண்டுகள் தள்ளிப்போனதோடு, மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்தன.

சென்னையில் கிடைத்த பலன் அமெரிக்காவைவிடக் குறைவாக இருக்கிறதே என்று படித்தவர்கள் கேட்பார்கள். குறைவுதான். ஆனால் சென்னையில் பங்கேற்றவர்கள் அமெரிக்கர்களைப் போலப் பருமனானவர்கள் அல்லர். குறிப்பிடத்தக்க அளவு எடை குறையாமலேயே அவர்களுக்குப் பலன் கிடைத்தது. எடைக்கருவி அசையவில்லை என்று இரண்டு மாதத்தில் கைவிடுகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

சோற்றை அடியோடு விட்டுவிட வேண்டுமா? சப்பாத்திக்கு மாறலாமா?

விட வேண்டியதில்லை. டெல்டாக்காரரிடம் சோற்றை விடச் சொன்னால் அவர் மருத்துவரை விட்டுவிடுவார்.

முதலில் ஒரு நாள் கணக்கை எழுதிப் பாருங்கள். காலையில் ஐந்து இட்லி, மதியம் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று நான்கு முறை வாங்கிய சோறு, மாலையில் வடையோ பஜ்ஜியோ, இரவில் மூன்று தோசை. இட்லியையும் தோசையையும் பலர் பலகாரமாகவே எண்ணிக்கொண்டு, "நான் ஒரு வேளைதான் சோறு சாப்பிடுகிறேன்" என்கிறார்கள். மாவில் பெரும்பகுதி அரிசி என்பது கணக்கில் வருவதில்லை. நாம் உண்ணும் ஆற்றலில் தானியங்களின் பங்கு 45 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. நம் இலையில் அது எளிதாகத் தாண்டிவிடுகிறது.

சப்பாத்தி இதற்கு விடையல்ல. மூன்று பெரிய சப்பாத்தியில் உள்ள மாவுச்சத்தும் ஒரு பெரிய கிண்ணச் சோற்றில் உள்ள மாவுச்சத்தும் ஏறக்குறைய ஒன்றுதான். சப்பாத்தியால் சிலருக்குச் சர்க்கரை குறைவதன் காரணம், அதை எண்ணிச் சாப்பிடுவதுதான். சோற்றை யாரும் எண்ணுவதில்லை. ஆகவே சோற்றையும் அளந்து போடுங்கள். வீட்டில் ஒரு கிண்ணத்தை இதற்கென்றே ஒதுக்கி, மதியத்துக்கு அந்த ஒரு கிண்ணம்தான் என்று முடிவு செய்யலாம். உழைப்பாளிக்கு எவ்வளவு, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு எவ்வளவு என்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும்; எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை.

குறைத்த சோற்றின் இடத்தில் எதையாவது வைக்காவிட்டால் நான்கு மணிக்குப் பசி வந்து பஜ்ஜிக் கடையில் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கேதான் நம் மண்ணே கைகொடுக்கிறது. சம்பா அறுவடைக்குப் பிறகு அந்த ஈரத்திலேயே உளுந்தும் பச்சைப்பயறும் விளைகிற பூமி இது. விளைந்ததை விற்றுவிட்டு, வீட்டில் சாம்பாருக்கு ஒரு கைப்பிடிப் பருப்பு மட்டும் போடுகிறோம். முளைகட்டிய பயறு, பயற்றுச் சுண்டல், கொள்ளு, பருப்பு உசிலி, முட்டை, எண்ணெயில் பொரிக்காத மீன் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று ஒவ்வொரு வேளையிலும் இருக்க வேண்டும். காய் என்றால் வாழைத்தண்டு, வாழைப்பூ, அவரை, கத்தரி, கொத்தவரை, கீரை. தட்டில் பாதியை அவை பிடித்துக்கொள்ளட்டும். உருளைக்கிழங்கு வறுவல் காய்க் கணக்கில் சேராது.

பரிமாறும் வரிசையும் முக்கியம். பொரியலையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால், அதே உணவுக்கே சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை குறைவாக ஏறுகிறது. கல்யாணப் பந்தியில்கூட இதைச் செய்யலாம். யாரும் கவனிக்க மாட்டார்கள்.

மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி சாப்பிட்டால் சர்க்கரை குறையுமா?

மறைந்த நெல் ஜெயராமனும் அவரோடு உழைத்த விவசாயிகளும் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, அழியவிருந்த மரபு நெல் வகைகளை மீட்டார்கள். அந்தப் பணிக்கு டெல்டா கடன்பட்டிருக்கிறது. ஆனால் விதையைக் காப்பாற்றியது வேறு, அதை மருந்தென்று விற்பது வேறு.

தவிடு நீக்காத அரிசியில் நார்ச்சத்தும் தாதுக்களும் அதிகம். மென்று சாப்பிட வேண்டியிருப்பதால் குறைவாகச் சாப்பிடுகிறோம். அதுவரை சரி. ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்பதைக் காட்டும் சர்க்கரை ஏற்றக் குறியீடு, நன்கு தீட்டிய பொன்னி அரிசிக்குச் சுமார் 70, அதாவது அதிகம் என்ற வகையில் வருகிறது. அதற்குப் பதிலாகத் தவிட்டுடன் கூடிய மரபு அரிசிக்கு மாறுவது நல்லதே. எனினும் கவுனியும் அரிசிதான். அதைச் சர்க்கரையும் நெய்யும் தேங்காய்ப்பூவும் சேர்த்து இனிப்பாகச் செய்து சாப்பிட்டுவிட்டு, பாரம்பரிய அரிசிதானே என்று சொல்கிறவர்களின் எச்பிஏ1சி அந்தச் சமாதானத்தை ஏற்றுக்கொள்வதில்லை. விலை கட்டுப்படியாகாதவர்கள் கவலைப்பட வேண்டாம்: ரேஷன் புழுங்கலரிசியையே அளவோடும் பயறோடும் சாப்பிட்டால் பெரும்பாலான பலன் கிடைத்துவிடும்.

பழைய சோறு?

சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. அதனால் சர்க்கரை சற்று மெதுவாக ஏறுகிறது. சிறிய பலன்தான். ஒரு சட்டி நிறையப் பழையதும் நான்கு மோர் மிளகாயும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டால் அந்தப் பலனை உப்பு விழுங்கிவிடும்.

சீனிக்குப் பதில் நாட்டுச் சர்க்கரையோ கருப்பட்டியோ தேனோ போடலாமா? டிகிரி காபியை விட வேண்டுமா?

நான்கும் சர்க்கரைதான், நிறமும் மணமும் வேறு. காபியை விட வேண்டாம், அதில் போடும் சர்க்கரையை விடுங்கள். ஒரு நாளில் நான்கு காபிக்கு எட்டுத் தேக்கரண்டிச் சர்க்கரை என்பது வெகு சாதாரணமாக நடக்கிறது. திருவையாற்று அசோகா அல்வாவைப் பாசிப்பயறு என்ற பெயரில் பலர் நியாயப்படுத்துகிறார்கள். அதில் பயறு எவ்வளவு, சர்க்கரையும் நெய்யும் எவ்வளவு என்பது கிண்டியவர்களுக்குத் தெரியும். விசேஷத்துக்கு ஒரு கரண்டி சாப்பிடுவதை நான் தடுப்பதில்லை.

நான் வயலில் வேலை செய்கிறவன். நான் தனியாக வேறு நடக்க வேண்டுமா?

வேலை இருக்கும் மாதங்களில் தேவையில்லாமல் இருக்கலாம். ஆனால் உண்மையாகக் கணக்கிடுங்கள்: மோட்டாரைப் போட்டுவிட்டு வரப்பில் நின்று பார்ப்பது உழைப்பல்ல. தாளடி அறுப்பு முடிந்து பயறும் எடுத்த பிறகு, கோடையில் உடம்புக்கு ஏறக்குறைய முழு ஓய்வு. அந்த மாதங்களில் சர்க்கரை ஏறிக் குறுவைத் தொடக்கத்தில் இறங்குவதைச் சிலருடைய சீட்டுகளில் தெளிவாகப் பார்க்கலாம். ஆகவே கோடைக்கு மட்டுமாவது நடையை எழுதித் தர வேண்டியிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் வயது வந்தோருக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. மிதமான நடை என்றால், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சாப்பிட்டவுடன் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது தனிப் பலன் தரும். மதியம் உண்ட மயக்கத்தில் திண்ணையில் சாய்வதற்கு முன் அதை முடித்துவிடுங்கள்.

தசைப் பயிற்சி என்றதும் உடற்பயிற்சிக்கூடம் தேவையோ என்று நினைக்க வேண்டாம். நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதைப் பத்து முறை செய்தால் தொடைக்கு நல்ல பயிற்சி. நாம் உண்ணும் சர்க்கரையின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசைதான். முழங்கால் வலி உள்ளவர்கள் நடையையே நிறுத்திவிடுகிறார்கள். எடை ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது முழங்காலில் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

பெண்கள், குறிப்பாக மருமகள்கள், தெருவில் நடக்கக் கூச்சமாக இருக்கிறது என்கிறார்கள். மாமியாரையும் கூட அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்ப் பிராகாரத்தைச் சுற்றலாம்; டெல்டாவில் கோயில் இல்லாத ஊர் எது? 2023 நவம்பரில் மாநில அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தேர்ந்தெடுத்து ஒரு திட்டத்தைத் தொடங்கியது. எட்டு கிலோமீட்டர் தொடக்கத்துக்கு அதிகம், இரண்டில் தொடங்கலாம். அக்கினி நட்சத்திரக் காலத்தில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

இரத்தக் கொதிப்புக்கு உப்பை எவ்வளவு குறைப்பது? இந்துப்பு, கல் உப்பு நல்லதாமே?

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். கல் உப்பும் இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். 1930-இல் ராஜாஜி உப்பு அள்ளிய வேதாரண்யம் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தப் பெருமைக்காக அதிக உப்பு சாப்பிட வேண்டியதில்லை. குழம்பில் குறைக்கும் உப்பைவிட, கருவாடு, ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய் ஆகியவற்றைக் குறைப்பதில்தான் உண்மையான மாற்றம் இருக்கிறது. கடலோர ஊர்களில் கருவாட்டை விடச் சொல்ல முடியாது. நன்றாக ஊறவைத்து, தண்ணீரை இரண்டு முறை கொட்டி, அன்றைக்குக் குழம்பில் தனியாக உப்புப் போடாமல் வாரம் ஒரு முறை சாப்பிடலாம்.

காய், கனி, பயறு, கொழுப்பு குறைந்த பால் ஆகியவற்றைக் கூட்டிய உணவுமுறை மட்டுமே சில வாரங்களில் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்பது 1997-இல் அமெரிக்க ஆய்வு ஒன்றில் நிறுவப்பட்டது. எடை குறைந்தால் கிலோவுக்குச் சுமார் ஒரு புள்ளி வீதம் அழுத்தமும் இறங்கும். சோடியம் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு கடைகளில் கிடைக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

தூக்கத்துக்கும் மனக்கவலைக்கும் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு?

தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறையும்போது இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை, பசியும் கூடுகிறது. மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து நள்ளிரவில் மோட்டார் போட எழுகிறவர்கள், தலைமாட்டில் கைப்பேசியோடு படுக்கிறவர்கள் இருவருக்கும் இது பொருந்தும். பலமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று, பகலில் தூங்கி வழிகிறவர்களுக்குத் தூக்க மூச்சுத்திணறல் இருக்கலாம். மாத்திரைகளுக்கு அடங்காத இரத்தக் கொதிப்புக்கு அது ஒரு காரணம்.

கவலையைப் பொறுத்தவரை, தண்ணீர் வருமா, மழை அறுப்பு நேரத்தில் பெய்துவிடுமா, கடன் அடையுமா என்பவற்றுக்கு மூச்சுப் பயிற்சி விடையாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது தூக்கத்தைத் தொலைத்தவர்கள், தங்கள் நோயின் கதையை இன்றும் அந்த இரவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கவலையின் காரணத்தை மருத்துவரால் நீக்க முடியாது. ஆனால் அதைக் கேட்டுக்கொள்ள முடியும், அது மனச்சோர்வாக மாறும்போது சிகிச்சை அளிக்க முடியும். கட்டணமில்லா மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண் இருக்கிறது. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் பெற்றோர் தமக்கென்று சமைப்பதையே விட்டுவிட்டுப் பிஸ்கட்டில் நாளை ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து உண்பதையும் நான் சீட்டில் எழுதுவதுண்டு.

வெற்றிலை போடலாமா?

வெற்றிலை மட்டும் என்றால் கவலையில்லை. பாக்கோ, அதோடு புகையிலை சேராவிட்டாலும் வாய்ப்புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. புகையிலை அதோடு மாரடைப்பையும் கூட்டிவருகிறது. நீரிழிவோடு புகையிலையும் மதுவும் சேர்ந்தவர்களுக்கு மற்ற ஐந்து மாற்றங்களையும் பேசுவதற்கு முன் இதைத்தான் பேசுகிறேன்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறேன். மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. உடம்பில் இன்சுலின் ஏறக்குறைய சுரக்காமலே போகும் முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் இன்சுலினை ஒருநாளும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் சில நாட்களில் உயிருக்கே ஆபத்து.

இரண்டாம் வகையில் நோய் தணிவது சாத்தியம்தான். பிரிட்டனில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், நோய் கண்டறியப்பட்டு ஆறு ஆண்டுக்குள் இருந்த, இன்சுலின் எடுக்காத, பருமனானவர்கள் மருத்துவக் கண்காணிப்பில் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டை மேற்கொண்டபோது, ஓராண்டில் 46 விழுக்காட்டினருக்கு மாத்திரை இல்லாமலேயே சர்க்கரை நீரிழிவு அளவுக்குக் கீழே வந்தது. இரண்டாம் ஆண்டில் அது 36 விழுக்காடாகக் குறைந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மாத்திரையை நிறுத்தி மூன்று மாதத்துக்குப் பிறகும் எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தால் அதைத் தணிவு என்கிறோம். குணமாகிவிட்டது என்று சொல்வதில்லை. இருபது ஆண்டாக நோய் உள்ளவருக்கும் ஒல்லியானவருக்கும் இந்த வாய்ப்பு மிகக் குறைவு. காணொளியைப் பார்த்துவிட்டு மாத்திரையை வாய்க்காலில் கொட்டியவர்கள் காலில் புண்ணோடு திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

மறுபக்க ஆபத்தும் உண்டு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று சோற்றைப் பாதியாகக் குறைத்தால் சர்க்கரை மிகவும் தாழ்ந்து வியர்வை, நடுக்கம், குழப்பம், மயக்கம் வரும். ஆகவே உணவை மாற்றப்போகிறேன் என்று முதலில் மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஏகாதசி, சஷ்டி விரதத்துக்கும் நாகூர், கூத்தாநல்லூர்ப் பக்கத்தில் ரமலான் நோன்பு பிடிப்பவர்களுக்கும் இதே விதிதான்: நோன்பு தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே வந்து கேளுங்கள், அன்று காலையில் அல்ல.

இதற்கெல்லாம் செலவு அதிகமாகுமா?

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்குமான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் வாங்கி வைத்துக்கொள்வதோடு நில்லாமல், அவரிடமே இரத்த அழுத்தத்தைப் பார்த்து எழுதி வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை கண்ணின் விழித்திரை, சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியாட்டினின், கால் உணர்ச்சி ஆகிய நான்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

சர்க்கரை உள்ளவர் வேளாங்கண்ணிக்கு நடந்து போகலாமா?

ஆகஸ்ட் 29-இல் கொடியேறுவதற்கு முன்பே சாலை முழுவதும் காவி உடை தெரியத் தொடங்கிவிடும். நடையாகப் பார்த்தால் நல்லதுதானே என்று கேட்கிறார்கள். காலில் உணர்ச்சி நன்றாக இருந்து, இரண்டு மாதமாக நடந்து பழகியவர்கள் போகலாம். உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு போகவே கூடாது. தார்ச்சாலை சுட்டுக் கொப்புளம் வந்தது அவர்களுக்குத் தெரியாது, திரும்பி வந்து மூன்றாம் நாள் செருப்பில் சீழ் ஒட்டும்போதுதான் தெரியும். வேண்டுதல் வெறுங்காலுக்குத்தான் என்றால், காலணியோடு வந்து ஊர் எல்லையில் கழற்றி நிழலான கடைசித் தூரத்தை மட்டும் நடக்கலாம் என்று நான் சொல்வதுண்டு, பலர் ஒப்புக்கொள்கிறார்கள். கூட வருகிறவரிடம் மாத்திரைச் சீட்டும் கொஞ்சம் சர்க்கரையும் இருக்கட்டும். ஒவ்வொரு இரவும் தங்கும் இடத்தில் கைப்பேசி வெளிச்சத்தில் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் அவர் பார்க்க வேண்டும். தன் காலைத் தானே பார்த்துக்கொள்வது பெரிய வயிறு உள்ளவர்களுக்கு முடிகிற காரியமல்ல.